அடுக்குக் கட்டிலில் நான்கு கோழிகள்

சிவகௌரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்றாம் மாதம் கோழிகள் வந்தன. அவள் கேட்கவில்லை. கணவர் நித்தியானந்தன்தான் பென்ரித்துக்கு அப்பால் ஒரு பண்ணைக்குப் போய், ஓட்டை போட்ட மட்டைப்பெட்டிக்குள் நான்கு மண்ணிறப் பேடுகளைக் கொண்டுவந்து சிட்னியின் பென்டில் ஹில் வீட்டின் பின்வளவில் இறக்கிவிட்டார்.

அவருக்குக் காரணம் இருந்தது. வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தவள் சிவகௌரி. நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் பெல்ட்டில் நகர்ந்து வரும். பக்கத்தில் நின்று சீட்டைப் பார்த்து, இவருக்கு உப்பில்லாதது, அவருக்கு மசித்தது, இந்த அம்மாவுக்குப் பால் ஆகாது என்று எடுத்துவைக்க வேண்டும். விடிய நாலரைக்கு எழும்பிப் பழகிய உடம்பு, ஓய்வு பெற்ற பிறகும் நாலரைக்கே எழும்பியது. எழும்பியவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. குசினிக் கதிரையில் தேநீரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். இரண்டு வருடம் முந்தி ஓய்வு பெற்ற நித்தியானந்தனுக்கு அந்த நோய் எதுவென்று தெரியும். அவர் வீட்டு வேலி முழுக்க இரண்டு தரம் பெயின்ற் அடித்துத்தான் அதிலிருந்து தப்பினவர்.

தபால் பிரிக்கும் நிலையத்தில் காலத்தைக் கழித்தவர் அவர். கோழிகளுக்கும் அந்த வழியில்தான், அயல் ஊர்களின் பெயரை வைத்தார். பெரியது பிளாக்டவுன். அடுத்தது செவன் ஹில்ஸ், அதற்கடுத்தது டூங்காபி. எல்லாவற்றிலும் சின்னது வெஸ்ட்மீட். தபால் இலக்க ஒழுங்குக்கு இது நேர் தலைகீழ் என்று யாரும் கேட்காமலே சொல்லுவார்.

கூடு முதலே தயார். கடையில் பலகை பலகையாக வாங்கி, இரண்டு நாள் முற்றத்தில் முழங்காலில் நின்று பூட்டினது. முட்டையிடத் தனிப் பெட்டி, ஏறிப்போகச் சின்ன ஏணி, நரி வராமல் கம்பி வலை எல்லாம் இருந்தன. வாய்க்கால் கரையில் நரிகள் திரிகின்றன என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். மம்மல் பொழுதில் கோழிகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கூட்டுக்குள் போகும். அவர் கதவைப் பூட்டிவிட்டு, ஒரு வேலை முடிந்த முகத்தோடு உள்ளே வருவார். ஐந்து வாரம் இப்படியே போனது.

ஜனவரியில் ஒருநாள் வெயில் நாற்பத்திரண்டுக்கு ஏறியது. கூட்டின் தகரக் கூரையில் கை வைக்க முடியவில்லை. பின்னேரம் வழக்கம்போலக் கூட்டடிக்குப் போன பிளாக்டவுன், ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டு, காலை எடுத்துக்கொண்டது. திரும்பி நடந்து, வீட்டோடு ஒட்டிய, கார் விடுகிற கார்போட்டுக்குள் போய், அங்கே கிடந்த பழைய இரும்பு அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டுக்குப் பாய்ந்து, அங்கிருந்து செட்டை அடித்து மேல்தட்டுக்கு ஏறியது. மற்ற மூன்றும் பின்னால் போயின. வெஸ்ட்மீட் மட்டும் இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம் ஏறியது.

ஒரு நாள் சூட்டுக்குத்தானே என்று விட்டார்கள். அடுத்த நாள் மழை பெய்து குளிர்ந்துபோனது. கோழிகள் கூட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மேல்தட்டில் படுக்கிறவர் விழாமலிருக்க ஓரத்தில் அடித்திருந்த அகலப் பலகைதான் அவற்றுக்குப் பிடித்த இடம். ஏணிப் பக்க நுனியில் பிளாக்டவுன். ஒழுங்கு மாறாது. தவறி இடம் மாறி நின்ற டூங்காபிக்கு உச்சந்தலையில் ஒரு கொத்து விழுந்தது.

அந்தப் பலகையை அடித்தவர் நித்தியானந்தன். அடித்தது கோழிக்காக அல்ல.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டின் கடைசியில் அந்தக் கட்டில் வீட்டுக்கு வந்தது. இலங்கையிலிருந்து படகில் வந்து, முகாமில் அடைபட்டிருந்து, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியோடு வெளியே விடப்பட்ட பெடியள் சிட்னியில் இறங்கிக்கொண்டிருந்த காலம். கோயிலில் யாரோ கேட்க, இரண்டு பேர் என்றால் இரண்டு கிழமைக்கு வைத்திருக்கலாம் என்று சிவகௌரி சொல்லிவிட்டு வந்தாள். தொண்ணூற்றிரண்டில் அவளும் நித்தியானந்தனும் வந்திறங்கியபோது, ஹோம்புஷ்ஷில் ஒரு சின்ன பிளாற்றில், இன்னொரு குடும்பத்தின் சோபாவுக்குப் பின்னால் நாலு மாதம் படுத்தவர்கள். அதை அவள் மறக்கவில்லை. மூடப்பட்ட ஒரு விடுதியின் சாமான்களை கிரான்வில்லில் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். பச்சைப் பெயின்ற் அடித்த அடுக்குக் கட்டிலை நித்தியானந்தன் அங்கிருந்து கழற்றிக் கொண்டுவந்து முன் அறையில் பூட்டினார். அந்த அறையில் இருந்த மகள் மயூரா, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிறவள், புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு மாறினாள். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு கிழமை ஏழு வருடமானது. இரண்டு பேர் ஒருகாலம் ஒன்பது பேரானார்கள். கட்டிலில் இரண்டு பேர், நிலத்தில் நாலு பேர், கராஜில் மூன்று பேர். குளியலறைக் கதவில் நித்தியானந்தன் நேர அட்டவணை எழுதி ஒட்டினார். வாசலில் சப்பாத்துகள் மழைக்காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டிறைச்சிக் குழம்பும், ஆள் தூக்க முடியாத சட்டியில் சோறும். முன் வீட்டு இத்தாலியக் கிழவர் மணத்துக்கு வேலியடியில் வந்து நிற்பார். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கத் தட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு வந்து, வீட்டிலும் அதே வேலையா என்று கூட வேலை செய்தவர்கள் கேட்பார்கள். அது எப்படி அதே வேலை ஆகும் என்று சிவகௌரிக்கு விளங்கியதேயில்லை. அங்கே தட்டு யாருக்குப் போகிறது என்று அவள் கண்டதில்லை. இங்கே எல்லாரும் கண்முன்னால் இருந்து சாப்பிட்டார்கள்.

முதலில் வந்தவர்கள் இரண்டு பேர்: கௌரிசங்கரும் பாலாவும். கௌரிசங்கர் வந்த அன்றே மேல்தட்டைப் பிடித்து, மூன்றாம் நாள் நித்திரையில் கீழே விழுந்தான். நித்தியானந்தன் பலகை அடித்துக் கொடுத்தும் பயந்து கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டான். மேல்தட்டு சும்மா கிடந்தது. பாலா அதில் ஏறவில்லை. கதவடியில், நிலத்தில், காலில் சப்பாத்தோடு படுத்தான். இருபத்திநாலு வயது. ஊரில் மனைவியும் ஒரு வயதுகூட ஆகாத பிள்ளையும். கட்டில் இருக்க ஏன் இப்படி என்று நித்தியானந்தன் தினமும் கேட்டார். போர்வையை எடுத்து மேலே போட்டும் பார்த்தார். காலையில் போர்வை நிலத்தில் இருக்கும். சிவகௌரி கேட்கவில்லை. அவனுடைய தலைமாட்டில் ஒரு தலையணையைக் கொண்டுபோய் வைத்ததோடு சரி. மூன்று மாதம் கழித்து ஒருநாள் வேலையால் வந்து எட்டிப் பார்த்தாள். சப்பாத்து இரண்டும் கட்டிலடியில் சோடியாக இருந்தன. பாலா மேல்தட்டில் இருந்தான். அவள் போய்ச் சோறு வைத்தாள்.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். வேலை கிடைத்துப் போனார்கள், மெல்பேர்ணுக்குப் போனார்கள், தங்களுக்கென்று வீடு எடுத்துப் போனார்கள். மயூரா கலியாணம் செய்து மெல்பேர்ணில் ரோவிலுக்குப் போனாள். கடைசி ஆள் போன பிறகு கட்டில் கார்போட்டுக்கு வந்தது.

இதையெல்லாம் கோழிகள் வரும்வரை சிவகௌரி பெரிதாக நினைத்ததில்லை. இப்போது தினமும் பின்னேரம், தேநீரோடு பின்வாசல் படியில் இருந்து, கோழிகள் ஏறுவதைப் பார்க்கப் பழகினாள். ஏறி, செட்டையை உதறி, ஒன்றையொன்று நெருக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை பார்ப்பாள். அந்த நேரத்தில் எத்தனையோ முகங்கள் வரும். யார் கால் நீட்டிப் படுத்தான், யார் நித்திரையில் தாயைக் கூப்பிட்டான், யார் அலாரம் அடித்தாலும் எழும்பமாட்டான் என்று.

நித்தியானந்தனுக்கு அந்த நேரம் வேறு மாதிரிப் போனது. கோழிகள் ஏறி முடிய, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கூட்டுக்குள் வைப்பார். பத்து நாள் தொடர்ந்து செய்தால் பழகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். பதினாறு நாள் செய்தார். கூட்டுக்குள் இருந்த மெல்லிய தடியைக் கழற்றிவிட்டு அகலப் பலகை போட்டார். கூரையில் வெள்ளைப் பெயின்ற் அடித்தார். பதினேழாம் நாளும் பிளாக்டவுன் ஏணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கார்போட்டுக்கு நடந்தது.

அவர் சொன்னதில் பிழையும் இல்லை. கார் முழுக்க எச்சம். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கோழி படுக்க விடக்கூடாது என்று உள்ளூர் கவுன்சில் விதி வேறு. நரி பாய்ந்தால் அந்த உயரம் காணாது. கடைசியில் அவர் கவுன்சிலுக்குப் போன் பண்ணி, பழைய சாமான் எடுக்க வரும் நாளைப் பதிந்துவிட்டு வந்து, கட்டில் போனால் கோழிகள் தானாகக் கூட்டுக்குப் போகும் என்றார். சிவகௌரி சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று அவளுக்கே தெரியாது. இரும்பைக் கட்டிப்பிடித்து அழவா முடியும்?

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், இரண்டு பேருமாகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்கு முன்னால் தெருவோரப் புல்லில் வைத்தார்கள். கழற்றப் பார்த்த ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்ததால் முழுதாகவே வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பழைய மெத்தை, உடைந்த பிரின்ரர், மயூராவின் பிளாஸ்ரிக் கதிரை. நித்தியானந்தன் கை கழுவி, உடுப்பு மாற்றி, பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வென்ற்வேர்த்வில் போனார்.

சிவகௌரி பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மணி தாண்டி, வெளிச்சம் மங்கும்போது கோழிகளைப் பார்க்கப் போனாள். கூட்டுக்குள் இல்லை. கார்போட்டில் இல்லை. கட்டிலைக் கொண்டுபோனபோது திறந்த பக்கத்துப் படலை திறந்தபடி கிடந்தது. மாவுக் கையோடு முன்பக்கம் ஓடினாள்.

தெருவில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ரயிலால் இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தெருவோரத்தில், மெத்தைக்கும் பிரின்ரருக்கும் பக்கத்தில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுப் பலகையில், வழக்கமான ஒழுங்கில் நான்கு கோழிகளும் இருந்தன. கார்கள் போய்க்கொண்டிருந்தன. பிளாக்டவுன் ஏற்கெனவே கண்ணை மூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பின்பக்கம் திறந்த ஒரு யூட் வண்டி வந்து நின்றது. தெருவில் போடுகிற பழைய இரும்பைப் பொறுக்கிப் போகிறவர். பெரிய ஆள், கை இரண்டிலும் பச்சை குத்தியிருந்தது. இறங்கி வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். பிறகு சிவகௌரியைப் பார்த்து, கோழிகளும் சேர்த்துத்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிவகௌரி சிரிக்கவில்லை. கோழிகள் தன்னுடையவை என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கட்டிலும் தன்னுடையதுதான், அது போகாது, பிழையாக வெளியே வைத்துவிட்டோம் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த மனிதர், வேண்டுமானால் தூக்கித் தருகிறேன் என்றார்.

ஒவ்வொரு கோழியாக அவள் தூக்கினாள். இருண்டுவிட்டால் கோழிக்குக் கண் தெரியாது. சத்தம் போடாமல் கைக்குள் அடங்கும். படம் எடுத்தவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு டூங்காபியைக் கவனமாக வாங்கிக்கொண்டார். யூட்காரர் கட்டிலின் ஒரு தலைப்பைத் தனியாகவே தூக்க, மற்றத் தலைப்பை இரண்டு பேர் பிடித்தார்கள். கார்போட்டில் பழைய இடத்திலேயே வைத்து, கோழிகளை ஏற்றிவிட்டு எல்லாரும் போனார்கள். யூட்காரர் பிரின்ரரை மட்டும் எடுத்துப்போனார். உள்ளே போகும் முன் சிவகௌரி கட்டிலையும் கோழிகளையும் போனில் ஒரு படம் எடுத்து மயூராவுக்கு அனுப்பினாள். ஏன் படமெல்லாம் மாவாக இருக்கிறது என்று மயூரா பதில் போட்டாள்.

நித்தியானந்தன் வந்து காரை விடப் பார்த்தார். ஹெட்லைட் வெளிச்சத்தில் கட்டில். காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"நாளைக்கு கவுன்சில் ட்ரக் வராதோ?"

"வரும்," என்றாள் சிவகௌரி. "கட்டில் போகாது."

அவர் பிட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட இருந்தார். பாதியில் நிமிர்ந்து, "முதலே சொல்லியிருக்கலாமே நீர். நான் அதைத் தூக்கி முதுகு பிடிச்சுப் போச்சு," என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் போன் வந்தது. பாலா. மெல்பேர்ணில் லொறி ஓடுகிறான். மயூரா படத்தை அவனுக்கு அனுப்பியிருந்தாள். வருடத்துக்கு ஒருதரம் பொங்கலுக்கு எடுக்கிறவன், பொங்கலும் இல்லாமல் எடுத்திருந்தான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு விசா சரிவந்து, போன வருடக் கடைசியில் மனைவி சிவாஜினியும் மகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தச் செய்தியெல்லாம் பேசி, மகளின் பள்ளிக்கூடம் பேசி, பிறகுதான் கட்டிலுக்கு வந்தான்.

"நான் படுத்த இடத்தைப் பிடிச்சிட்டினம் போல, அன்ரி."

சிவகௌரி அவனிடம் எத்தனையோ வருடம் கேட்காததைக் கேட்டாள். "நீ மூண்டு மாசமாக் கதவடியிலை கிடந்தனீ. பிறகு என்னெண்டு மேலை ஏறினனீ?"

"யன்னல் சீலை கழண்டு போச்செண்டு கொழுவ ஏறினனான். அங்கையிருந்து பாத்தா ரோட்டு முழுக்கத் தெரிஞ்சது. ஆர் வருகினம், எந்தக் கார் நிக்குது எண்டு பாத்துக்கொண்டு கிடக்கலாம். கீழை கிடந்தாச் சத்தம் மட்டும்தான் கேக்கும், ஆள் தெரியாது. அதுதான்."

"அங்கை ஏறி நித்திரை கொண்டனீயோ?"

"எங்கை. விடிய நாலரைக்கு நீங்கள் எழும்பிக் குசினியிலை பைப்பைத் திறப்பியள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கண் மூடும். வீட்டிலை ஆரோ முழிச்சிருக்கினம் தானே எண்டு."

சிவகௌரிக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பாலா பத்து மணி வரை எழும்பமாட்டான். லீவு நாளில் அதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வரும். ஒருநாள் முகத்துக்கு நேரே, வேலை தேடுகிறவன் இப்படிப் படுத்துக் கிடக்கிறதோ என்று கேட்டும்விட்டாள். அவன் ஓம் அன்ரி என்று மட்டும் சொன்னான்.

"அண்டைக்கு நான் உன்னைப் பேசினனான்," என்றாள்.

"ஓம். பேசினனீங்கள்." அவன் சிரிப்பது கேட்டது. "அடுத்த நாளிலையிருந்து ஆறு மணிக்கு எழும்பினன். அந்தக் கிழமையே வேலையும் கிடைச்சது. விடுங்கோ அன்ரி."

போனை வைத்த பிறகும் சிவகௌரி குசினியில் நின்றுகொண்டே இருந்தாள். அந்த இருபத்துநான்கு வருடமும், விடியற்காலையில் யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்று பைப்பை நூல் போலத் திறந்து கேத்தலை நிரப்பியவள் அவள். அது ஒருவருக்கும் கேட்பதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். அன்று பின்னேரம் நித்தியானந்தனிடம் இதைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு எழும்பிக் கார்போட்டுக்குப் போனார். அளவுநாடா இழுபடும் சத்தம் வந்தது.

கட்டிலையே வீட்டுச் சுவரை விட்டுப் பின்வளவின் கோடிக்குக் கொண்டுபோக அவர் கண்டுபிடித்த வழி இதுதான். கட்டிலை ஒரேயடியாக மாற்றினால் கோழிகள் குழம்பும். இரண்டு நாளுக்கு ஒரு மீற்றர் என்று நகர்த்தினால் தெரியாது. சீமெந்து நிலத்தில் சோக்கால் கோடு போட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் இரண்டு பேரும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக் கட்டிலைக் கோடு வரைக்கும் தள்ளினார்கள். "பிடியும் கௌரி, உயர்த்தாதையும், இழும்," என்பார். பின்னேரம் கோழிகள் வந்து ஒரு கணம் நிற்கும். பிறகு ஏறும். கார்போட்டைத் தாண்டி, உடுப்புக் கொடியைத் தாண்டி, கட்டில் பின்வளவின் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஈஸ்டர் லீவுக்குப் பாலா குடும்பத்தோடு வந்தபோது கடைசி மூன்று மீற்றர் மிச்சம் இருந்தது. பாலா ஒரு பக்கம் பிடிக்க, அதை ஒரே நாளில் முடித்தார்கள். அன்று கோழிகள் ஏறுமோ என்று எல்லாரும் பின்வாசலில் நின்று பார்த்தார்கள். பிளாக்டவுன் இரண்டு தரம் சுற்றி வந்து ஏறியது. அடுத்த நாள் இரண்டு ஆண்களும் கட்டிலைச் சுற்றிக் கம்பி நட்டு, வலை அடித்து, மேலே தகரம் போட்டார்கள். சிவாஜினி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு, இவர் வீட்டில் ஓர் ஆணி அடிக்கமாட்டாரே அன்ரி என்றாள்.

அவர்களுக்கு முன் அறையில் நல்ல கட்டில்கள் போட்டு வைத்திருந்தாள் சிவகௌரி. பாலாவின் மகள், பதின்மூன்று வயதுப் பிள்ளை, தனக்கென்று போட்ட சின்னக் கட்டிலில் தனியாகப் படுக்கமாட்டேன் என்று சொல்ல, பெரிய கட்டிலின் மெத்தையை இறக்கி நிலத்தில் விரித்து மூன்று பேரும் அதிலேயே படுத்தார்கள். நாலு நாளும் வாசலில் சப்பாத்துக் கிடந்தது.

அவர்கள் போன பிறகு, ஐந்து வாரம் மட்டும் பாவித்த கூட்டை முயல் வளர்க்கிற ஒரு குடும்பம் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நித்தியானந்தன் அதைக் கழற்றாமல் தூக்கும்படி அவர்களுக்கு விவரமாகச் சொல்லிக் கொடுத்தார். சிவகௌரி இப்போதும் நாலரைக்கு எழும்புகிறாள். விடிந்ததும் கோழிகளைத் திறந்துவிடுகிறாள். பலகையில் இன்னும் இரண்டு கோழிக்கு இடம் இருக்கிறது, கொஞ்சம் நெருக்கினால் மூன்றுக்கும் காணும் என்று போன கிழமை மயூராவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.